ஆணிவேரைத் தேடாமல் மனப் பிரச்சினை குணமாகுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்டவருக்கு 31 வயது. இரண்டு வருடமாகப் பேருந்தில் ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, இதோ சாகப்போகிறோம் என்று தோன்றுகிறது. ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாயிற்று. இதயத்தில் ஒன்றும் இல்லை, இது பேனிக், அதாவது திடீரென்று வரும் கடும் பீதி என்று சொல்லிவிட்டார்கள். எட்டு வாரமாக ஓர் உளவியல் ஆலோசகரிடம் போகிறார். அவர் மாடிப்படியில் ஓடச் சொல்கிறார், சுழல் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றுகிறார், ஸ்ட்ரா வழியாக மூச்சுவிடச் சொல்கிறார், ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவரச் சொல்கிறார். சின்ன வயதைப் பற்றி முதல் நாள் இரண்டு கேள்வி கேட்டதோடு சரி. வாரத்துக்கு நான்கு முறை வந்த பேனிக் இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. ஆனாலும் மனசு ஆறவில்லை. "சீமைக் கருவேலத்தை மேலாக வெட்டினால் இரண்டு மழையில் மறுபடி துளிர்த்துவிடுமே, தூரோடு பிடுங்க வேண்டாமா?" என்று கேட்கிறார். பெரியம்மா மகன் வேறு, ஹிப்னாடிசம் செய்து ஆணிவேரைக் கண்டுபிடிக்கும் ஒருவரிடம் போகலாம் என்கிறாராம்.

முதலில் பதில்: உங்கள் ஆலோசகர் சரியாகத்தான் செய்கிறார். பேனிக்குக்கு உலகம் முழுக்கச் செய்யப்படும், நன்கு சோதித்துப் பார்க்கப்பட்ட சிகிச்சைகளில் ஒன்று இது. ஆனால் "காரணம் தேடுவதெல்லாம் வீண்" என்று நான் சொல்லவரவில்லை. சில இடங்களில் காரணத்தைத் தேடாமல் விடுவது பெரிய தப்பு. எந்த இடத்தில் தேட வேண்டும், எதைத் தேட வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைச் சொல்லக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

காரணம் என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறோம். ஒன்று, இது எதனால் ஆரம்பித்தது என்பது. இன்னொன்று, ஆரம்பித்தது ஏன் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பது. கல் தடுக்கிக் கணுக்கால் சுளுக்கிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். வலிக்குப் பயந்து மூன்று மாதம் நொண்டி நடக்கிறார். சுளுக்கு ஆறிவிடுகிறது, நொண்டல் மட்டும் போகவில்லை. இப்போது இடுப்பும் வலிக்கத் தொடங்குகிறது. பிசியோதெரபிஸ்ட் அவருக்கு நடையைத்தான் திருத்துவார். தடுக்கிய கல் எந்தத் தெருவில் கிடந்தது என்று தேடிப் போகமாட்டார். தேடிக் கண்டுபிடித்துக் கல்லைத் தூக்கி எறிந்தாலும் நொண்டல் அப்படியேதான் இருக்கும்.

பேனிக்கில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1986-ல் டேவிட் கிளார்க் என்ற ஆங்கில உளவியலாளர் பேனிக் எப்படி ஓடுகிறது என்று ஒரு விளக்கம் கொடுத்தார். இன்றைக்கும் சிகிச்சையறையில் நாங்கள் பேப்பரில் வட்டம் போட்டுக் காட்டுவது அதைத்தான். உடம்பில் ஏதோ ஒரு சின்ன மாற்றம் வருகிறது: வேகமாக நடந்ததில் நெஞ்சு துடிப்பது, காபி குடித்த படபடப்பு, கூட்டத்தின் புழுக்கம், சரியாகத் தூங்காத தலைச்சுற்றல். அதை மனம் "ஹார்ட் அட்டாக்" என்று வாசிக்கிறது. பயம் வந்ததும் அட்ரினலின் கூடுகிறது, நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது, மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சுவிட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும். அது குறைந்தால் விரல் மரத்துப்போகும், உதட்டைச் சுற்றிக் குறுகுறுக்கும், தலை கிறுகிறுக்கும். "பார்த்தாயா, நான் சொன்னது சரிதான்" என்கிறது மனம். வட்டம் மறுபடி ஒரு சுற்று சுற்றுகிறது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், அப்புறம் தானாகவே இறங்கிவிடும்.

தானாகவே இறங்கும் என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. ஏனென்றால் உச்சிக்குப் போவதற்கு முன்பே அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறார்கள். இறங்கியதும் நிம்மதி. "நல்லவேளை இறங்கினேன், இல்லாவிட்டால் செத்திருப்பேன்" என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. நூறு முறை இறங்கினால் நூறு முறையும் அதே கணக்குதான். சாகாததற்குக் காரணம் இறங்கியது இல்லை, அதில் சாவே இல்லை என்று தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை. இறங்காதவர்களும் வேறு வழியில் தப்பிக்கிறார்கள். கதவோர சீட், கையில் தண்ணீர் பாட்டில், பையில் நெஞ்சுவலிக்கான சார்பிட்ரேட் மாத்திரை, காதில் போனை வைத்துக்கொண்டு வீட்டுக்காரருடன் பேச்சு. ஒவ்வொன்றும் அந்த நேரத்துக்குக் கைகொடுக்கும். ஆனால் "பாட்டில் இருந்ததால் பிழைத்தேன்" என்று பயத்துக்கு இன்னொரு வருட உரிமம் புதுப்பித்துக் கொடுத்துவிடும்.

இப்போது உங்கள் ஆலோசகரின் விசித்திரமான வேலைகளுக்கு வருவோம். மாடிப்படியில் ஓடினால் நெஞ்சு துடிக்கும். நாற்காலியில் சுற்றினால் தலை சுற்றும். ஸ்ட்ராவில் மூச்சுவிட்டால் மூச்சு முட்டும். பேருந்தில் எந்த உணர்வுகளைக் கண்டு பயப்படுகிறீர்களோ, அவற்றை அவருடைய அறையிலேயே வேண்டுமென்றே வரவழைக்கிறார். வந்தது, ஒன்றும் ஆகவில்லை, போயிற்று. இதை வாயால் ஆயிரம் தடவை சொல்லலாம், உடம்பு நம்பாது. நடந்தால்தான் நம்பும். நோட்டுப் புத்தகத்தில் "இன்று மயங்கி விழுவேன், நிச்சயம் 80 விழுக்காடு" என்று முன்கூட்டி எழுதவைத்து, பக்கத்திலேயே என்ன நடந்தது என்று எழுதச் சொல்வதும் இதற்காகத்தான். ஆக, அவர் இலையைக் கிள்ளவில்லை. நோயை இன்றைக்கு உயிரோடு வைத்திருக்கும் காரணத்தைத்தான் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறார்.

சரி, ஆரம்பித்த காரணம்? உங்கள் விஷயத்தில் அது என்னவாகவும் இருக்கலாம். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, பேனிக் வருவதில் பரம்பரையின் பங்கு பாதிக்குக் கொஞ்சம் குறைவு. மிச்சத்தில் குழந்தைப் பருவம், இழப்புகள், நோய், வேலை நெருக்கடி, தூக்கமின்மை என்று எத்தனையோ. முதல் பேனிக் வந்த அன்று நீங்கள் சாப்பிடாமல் இருந்ததுகூட ஒரு பங்குதாரராக இருக்கலாம். இதில் ஆணிவேர் என்று ஒன்றைப் பிடித்து இழுக்க முடியாது. சல்லிவேர்கள் நாலாபக்கமும் போகின்றன. அதில் பாதி வேர் இன்றைக்கு உயிரோடே இல்லை.

ஆணிவேர் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து இவ்வளவு ஆழமாக வந்தது? சினிமாவும் ஒரு காரணம்தான், மறக்கப்பட்ட ஒரு காட்சி ஞாபகம் வந்ததும் கதாநாயகிக்குச் சட்டென்று எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அந்தச் சினிமாவுக்கே மூலம் ஒன்று உண்டு. 1880-ல் வியன்னாவில் 21 வயதுப் பெண் ஒருத்தி, நோய்ப்படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் தானும் விநோதமாக நோயுற்றாள். கை கால் மரத்துப்போயிற்று, பார்வை கெட்டது, தாய்மொழி ஜெர்மன் பேச வராமல் ஆங்கிலத்தில் பேசினாள். யோசெஃப் புராயர் என்ற மருத்துவர் அவளைப் பார்த்தார். கோடையில் ஒருமுறை பல வாரம் அவளால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. டம்ளரை உதட்டருகே கொண்டுபோனதும் அருவருத்துத் தள்ளிவிடுவாள். பழங்களைத் தின்றுதான் தாகம் தீர்த்தாள். ஒருநாள் ஹிப்னாடிச நிலையில், வீட்டில் இருந்த ஓர் ஆங்கிலேயப் பெண்மணியின் நாய் ஒரு டம்ளரில் தண்ணீர் குடித்ததைப் பார்த்ததாகவும், மரியாதைக்காக அப்போது வாயை மூடிக்கொண்டதாகவும் ஆத்திரம் பொங்கச் சொன்னாள். சொல்லி முடித்ததும் தண்ணீர் கேட்டாள், குடித்தாள், அந்தத் தொல்லை போயே போயிற்று. இது புராயர் எழுதியது.

புராயரும் ஃபிராய்டும் 1895-ல் வெளியிட்ட நூலில் 'அன்னா ஓ' என்ற பெயரில் இந்தக் கதை வந்தது. மறைந்திருக்கும் காரணத்தைக் கண்டுபிடி, வெளியே கொட்டு, நோய்க்குறி மறைந்துவிடும் என்ற கொள்கைக்கு இதுதான் அஸ்திவாரம். கதை அழகான கதைதான். ஆனால் மிச்சத்தையும் கேளுங்கள். அந்தப் பெண்ணின் உண்மைப் பெயர் பெர்தா பாப்பன்ஹைம். புராயர் 1882 ஜூனில் சிகிச்சையை முடித்தார். அடுத்த மாதமே அவரை சுவிட்சர்லாந்தின் குரோய்ட்ஸ்லிங்கனில் ஒரு மனநல விடுதியில் சேர்க்க வேண்டியிருந்தது. முகவலிக்குக் கொடுத்த மார்ஃபின் வேறு பழக்கமாகிவிட்டிருந்தது. அதன் பிறகும் சில வருடம் அவர் விடுதிகளுக்குப் போய்வந்தபடி இருந்தார். ஹென்றி எல்லன்பெர்கர் என்ற வரலாற்றாய்வாளர் 1970-களின் தொடக்கத்தில் பழைய ஆவணங்களைத் தோண்டி எடுத்து எழுதிய பிறகுதான் இது ஊருக்குத் தெரிந்தது. பிற்காலத்தில் பெர்தா ஃபிராங்க்ஃபர்ட்டில் அநாதைப் பெண் குழந்தைகளுக்கான இல்லத்தை நடத்தினார், 1904-ல் யூதப் பெண்கள் கூட்டமைப்பைத் தொடங்கினார். தேறினார்தான், அதுவும் பிரமாதமாக. எப்படித் தேறினார் என்பதற்கு அந்த நாய்க்கதையில் பதில் இல்லை.

உங்கள் சீமைக் கருவேல பயமும் அதே காலத்துச் சரக்குதான். நோய்க்குறியை மட்டும் போக்கினால் உள்ளே அடைபட்டது வேறு உருவத்தில் வெளியே வரும் என்று பலரும் நம்பினார்கள். இதைச் சோதிக்க நல்ல வாய்ப்பு ஒன்று எதிர்பாராத இடத்தில் கிடைத்தது, குழந்தைகள் படுக்கையை நனைப்பது. 1938-ல் அமெரிக்காவில் மௌரர் தம்பதி, படுக்கை ஈரமானதும் மணியடிக்கும் ஒரு விரிப்பை 30 குழந்தைகளுக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். குழந்தையின் உள்மனப் போராட்டத்தை யாரும் ஆராயவில்லை. மணி அடிக்கும், குழந்தை எழும், அவ்வளவுதான். நனைப்பது நின்றது. வேறு உருவத்தில் ஒன்றும் கிளம்பவில்லை. ஈரப் படுக்கையின் அவமானம் போனதில் குழந்தைகள் முன்பைவிடச் சந்தோஷமாகவே இருந்தார்கள். இந்த மணி விரிப்பு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

1966-ல் லண்டனில் விக்டர் மேயர் செய்தது இதைவிடத் துணிச்சல். வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, அதைப் போக்கக் கையைக் கழுவிக்கொண்டே இருப்பது போல ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஓசிடி தொல்லையோடு, எந்தச் சிகிச்சையும் பலிக்காமல் வந்த இரண்டு பேரை மருத்துவமனையில் வைத்துக்கொண்டார். அவர்கள் அஞ்சுவதை எதிர்கொள்ளவைத்து, வழக்கமாகத் திரும்பத் திரும்பச் செய்வதைச் செய்யவிடாமல் செவிலியர்கள் கூடவே இருந்தார்கள். இருவருக்கும் நன்றாகவே குறைந்தது. இன்று ஓசிடிக்கு முதலில் பரிந்துரைக்கப்படும் பேச்சு சிகிச்சை இதிலிருந்து வளர்ந்ததுதான். ஓசிடி உள்ளவர்கள் பலரைப் பார்த்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். "எனக்கு எட்டு வயதில் சித்தப்பா டிபியில் செத்தார், அவர் தட்டைத் தொடாதே என்று வீட்டில் அடித்தார்கள், அதனால்தான் இது" என்று அவர்களில் சிலருக்கே காரணம் துல்லியமாகத் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டேதான் நாற்பதாவது தடவை கை கழுவுகிறார்கள். தெரிந்ததால் குழாய் மூடுவதில்லை.

இவ்வளவு சொன்ன நானே இப்போது மறுபக்கம் பேசப்போகிறேன். ஏனென்றால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டிய இடங்கள் உண்டு.

முதலாவது, உடம்பு. இதை மனநல மருத்துவர்கள் தவறவிட்டால் மன்னிக்கவே முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் மனநல விடுதிகளில் ஒரு பெருங்கூட்டம் இருந்தது. நடுவயது ஆண்கள், திடீரென்று தன்னை ராஜா என்பார்கள், கோடிகளில் பேசுவார்கள், அப்புறம் நாக்குழறி, நினைவு கெட்டு, முடங்கி, சில வருடத்தில் இறப்பார்கள். ஒழுக்கக்கேடு, அதிக மூளை உழைப்பு, குடி என்று என்னென்னவோ காரணம் சொன்னார்கள். 1913-ல் நியூயார்க்கில் நோகுச்சியும் மூரும் இப்படி இறந்த 70 பேரின் மூளைகளைப் பார்த்ததில் பத்துக்கும் மேற்பட்டவற்றில் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயின் கிருமி இருந்தது. முப்பது வருடம் கழித்துப் பென்சிலின் வந்ததும் அந்த நோயே விடுதிகளிலிருந்து ஏறக்குறைய காணாமல் போயிற்று. நோய்முதல் கண்டுபிடித்ததால் கிடைத்த வெற்றிகளில் மனநல மருத்துவம் பார்த்த மிகப் பெரியது இது. சமீபத்திலும் ஒன்று நடந்தது. 2007-ல் ஹோசப் தல்மாவ் என்ற நரம்பியல் மருத்துவரின் குழு 12 பெண்களைப் பற்றி எழுதியது. மனச்சிதைவு என்று தோன்றும்படி பேச்சும் நடத்தையும் மாறி, வலிப்பும் நினைவிழப்பும் வந்தவர்கள். உண்மையில் அவர்கள் உடம்பில் இருந்த ஒரு கட்டிக்கு, பெரும்பாலும் சினைப்பைக் கட்டிக்கு, எதிராகக் கிளம்பிய எதிர்ப்புரதங்கள் மூளையைத் தாக்கிக்கொண்டிருந்தன. கட்டியை எடுத்து, எதிர்ப்புரதத்தை அடக்கியதில் பலர் தேறினார்கள். அங்கே போய் யாராவது குழந்தைப் பருவத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவ்வளவு அபூர்வத்துக்கெல்லாம் போக வேண்டாம். தைராய்டு கூடினால் படபடப்பும் நடுக்கமும் பயமும் வரும், பேனிக் மாதிரியே இருக்கும். தைராய்டு குறைந்தால் சோர்வும் மனச்சோர்வும். இரத்தசோகை, பி12 குறைவு, ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சில மருந்துகள், ஸ்டீராய்டு, ஒரு நாளைக்கு ஆறு காபி எல்லாமே இந்தப் பட்டியலில் உண்டு. நீங்கள் ஈசிஜி, எக்கோ சொன்னீர்கள், இரத்தப் பரிசோதனை பற்றிச் சொல்லவில்லை. தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்தாயிற்றா? இல்லையென்றால் இந்த வாரமே பாருங்கள். உங்கள் கேள்விக்கான ஆணிவேர்த் தேடல் இதுதான், பெரிய செலவும் இல்லை.

இரண்டாவது, காரணம் கடந்த காலத்தில் இல்லாமல் இன்றைக்கும் வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருந்தால். தினமும் அடிக்கும் கணவனோடு இருக்கும் பெண்ணுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்புவது சிகிச்சை இல்லை, துரோகம். கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது "எதிர்மறை எண்ணங்களை" விசாரிப்பதும் அப்படித்தான். லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடையே ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் நடத்தி 1978-ல் வெளியிட்ட ஆய்வு இந்த வகையில் முக்கியமானது. பெரிய இழப்போ நெருக்கடியோ வந்த பெண்களில் யாருக்கு மனச்சோர்வு வருகிறது என்று பார்த்தார்கள். மனம்விட்டுப் பேச நெருங்கிய ஆள் இல்லாதவர்கள், வீட்டில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூன்று பேரோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்கள், வெளியே வேலை இல்லாதவர்கள், 11 வயதுக்கு முன்பே அம்மாவை இழந்தவர்கள் ஆகியோருக்கே அது அதிகம் வந்தது. இந்த நான்கில் கடந்த காலத்தைச் சேர்ந்தது ஒன்றுதான், அதைத்தான் மாற்ற முடியாது. மற்ற மூன்றிலும் ஏதாவது செய்யலாம்.

மூன்றாவது, பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் கோளாறு. விபத்து, பாலியல் வன்முறை, போர் இவற்றுக்குப் பிறகு அந்த நினைவே நோயாக நிற்கும்போது அந்த நினைவுக்குள் போய்த்தான் சிகிச்சை செய்ய வேண்டும். ஆனால் கவனியுங்கள், அங்கே பெரும்பாலும் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நடந்தது என்னவென்று அவருக்குத் தெரியும். மறக்க முடியவில்லை என்பதுதான் அவருடைய நோயே.

இனி ஹிப்னாடிசம் பற்றி. இதில் உங்கள் அண்ணன் சொல்வதை நான் வெளிப்படையாக எதிர்க்கிறேன். நினைவு என்பது பெட்டியில் வைத்துப் பூட்டிய வீடியோ இல்லை, ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் புதிதாகச் சேர்த்துக் கட்டப்படுவது. 1995-ல் எலிசபெத் லாஃப்டஸ் 24 பேரிடம், அவர்கள் சிறுவயதில் ஒரு கடைவளாகத்தில் தொலைந்துபோய் அழுததாக, நடக்காத சம்பவம் ஒன்றை உறவினர் சொன்னதாகச் சேர்த்துக் கொடுத்தார். கால்வாசிப் பேர் அதை முழுதாகவோ அரைகுறையாகவோ "நினைவுகூர்ந்தார்கள்". சும்மா கேட்டதற்கே இப்படி. ஹிப்னாடிச நிலையில், காரணம் ஒன்று இருந்தே தீரும் என்று நம்புகிற ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டால் ஏதாவது ஒன்று வந்துதான் தீரும். வந்தது உண்மையா என்று உங்களாலும் சொல்ல முடியாது, அவராலும் முடியாது. அமெரிக்காவில் 1980-களிலும் 90-களிலும் இப்படி "மீட்ட" நினைவுகளை வைத்துக் குடும்பங்கள் உடைந்தன, நீதிமன்ற வழக்குகள் நடந்தன. ஹிப்னாடிசத்துக்கு வலி குறைப்பது போன்ற நியாயமான பயன்கள் உண்டு. வேர் தோண்டும் மண்வெட்டியாக அதைப் பயன்படுத்துவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

தப்பான வேரைப் பிடிப்பதன் விலை சாதாரணமில்லை. ஆட்டிசம் குழந்தையின் அம்மாவுக்குப் பாசம் போதாததால் வருகிறது என்று இருபது வருடத்துக்கு மேல் மேற்கத்திய மருத்துவம் நம்பியது. முதன்முதலில் ஆட்டிசத்தை விவரித்த லியோ கானரே அந்தப் பெற்றோர்களை உறையவைக்கும் ஃபிரிட்ஜுக்கு ஒப்பிட்டிருந்தார். புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் அதைப் பெரிய கொள்கையாகவே ஆக்கினார். எத்தனை அம்மாக்கள் பிள்ளையையும் கவனித்துக்கொண்டு, நம்மால்தான் இப்படி ஆயிற்று என்று இரவில் அழுதிருப்பார்கள்! 1969-ல் பெற்றோர் கூட்டம் ஒன்றில் கானர், உங்கள்மேல் குற்றமில்லை, உங்களை விடுவிக்கிறேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. நம்மூரிலும் காரணம் கண்டுபிடித்துத் தருபவர்களுக்குப் பஞ்சமில்லை. ஜாதகக்காரர் ஏழரைச் சனி என்பார், இன்னொருவர் பங்காளி வைத்த செய்வினை என்பார், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டாத குறை என்பார் மூன்றாமவர். எல்லாமே ஆணிவேர்தான். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் செத்தார்கள். அந்தக் குடும்பங்களில் பலவும் காரணம் தங்களுக்குத் தெரியும் என்று நம்பித்தான் அங்கே கொண்டுபோய் விட்டிருந்தன.

இன்னொன்றும் உண்டு, அது நுட்பமானது. "எனக்கு ஏன் இப்படி ஆயிற்று?" என்ற கேள்வியே சில நேரம் நோயின் ஒரு பகுதியாக இருக்கும். சூசன் நோலன்-ஹோக்செமா கலிஃபோர்னியாவில் கல்லூரி மாணவர்களிடம் மனச்சோர்வு பற்றி ஓர் ஆய்வைத் தொடங்கி 14 நாள் ஆகியிருந்தது, 1989 அக்டோபர் 17 அன்று அங்கே பெரிய பூகம்பம். தற்செயலாக அவர் கையில் பூகம்பத்துக்கு முந்தைய கணக்கு இருந்தது. ஏழு வாரம் கழித்துப் பார்த்தபோது, மனம் வாடினால் உட்கார்ந்து "ஏன், ஏன்" என்று குடைந்துகொண்டே இருக்கும் பழக்கம் முன்பே இருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் சோர்ந்திருந்தார்கள். குடைவது சிந்தனை போலவே இருக்கும், ஆனால் எங்கும் போய்ச் சேராது. "நாளை காலை என்ன செய்வேன்?" என்ற கேள்விக்கு ஒரு முடிவு உண்டு. "நான் ஏன் இப்படிப் பிறந்தேன்?" என்பதற்கு இல்லை.

ஒரு நியாயம் மட்டும் செய்துவிடுகிறேன், இல்லாவிட்டால் என் துறையிலேயே பாதிப் பேர் என்னை அடிக்க வருவார்கள். ஃபிராய்டு வழியில் வந்த சிகிச்சைகள் எல்லாம் பலிக்காதவை என்று சொல்ல முடியாது. பேனிக்குக்கே அப்படி ஒன்று உண்டு. பார்பரா மில்ராட் குழு 2007-ல் 49 பேரை வைத்துச் செய்த சோதனையில், பேனிக்கின் உட்பொருளையும் உறவுச் சிக்கல்களையும் பேசும் 24 அமர்வுச் சிகிச்சையில் 73 விழுக்காட்டினர் தேறினார்கள். தசைத் தளர்வுப் பயிற்சி பெற்றவர்களில் 39 விழுக்காடு. ஆனால் அதுகூட மறந்துபோன ஒரே ஒரு காட்சியைத் தேடி எடுத்து வைத்தியம் முடிந்தது என்பதில்லை. இன்றைய கோபத்தை எப்படி விழுங்குகிறீர்கள், யாரை விட்டுப் பிரிய எப்படி அஞ்சுகிறீர்கள் என்று, அதே பழைய ராகம் இப்போது எங்கெல்லாம் ஒலிக்கிறது என்று பார்ப்பது. எல்லா உறவிலும் ஒரே மாதிரிச் சிக்கிக்கொள்பவர்களுக்கு, சின்ன வயதிலிருந்தே தன்னை மதிக்கத் தெரியாதவர்களுக்கு, கடந்த காலத்தைப் பேசுவது நிஜமாகவே உதவும் என்பது என் அனுபவம். அவர்களுக்கு அன்றைய காரணமே இன்றைய காரணமாகவும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது. அப்புறம், தன் கதை தனக்கே புரிய வேண்டும் என்பது எந்த மனுஷருக்கும் இருக்கும் ஆசை. குணமாவதற்கு அது தேவையில்லை என்றாலும் அந்த ஆசைக்கு மதிப்புத் தர வேண்டும்.

அதனால் உங்களுக்குச் சொல்வது இது. அடுத்த முறை போகும்போது உங்கள் ஆலோசகரிடம் நேராகவே கேளுங்கள்: "இது எதனால் வந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும்போல் இருக்கிறது, ஒரு அமர்வு அதைப் பற்றிப் பேசலாமா?" நல்ல ஆலோசகர் கோபித்துக்கொள்ளமாட்டார். முதல் நாள் இரண்டே கேள்வி கேட்டது உங்களுக்குக் குறையாகத் தெரிந்திருக்கிறது, அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. நானாக இருந்தால் முதல் அமர்வு முழுக்கவே முன்கதையைத்தான் கேட்டிருப்பேன். திரும்ப வருமா என்று கேட்டால், வரலாம். தூக்கம் கெட்ட ஒரு வாரத்தில், காய்ச்சலில், வீட்டில் ஒரு சாவில் மறுபடி எட்டிப்பார்க்கும். முறையாக முடிக்கப்படும் சிகிச்சையின் கடைசி அமர்வுகளில் அதற்கும் தயார்செய்து அனுப்புவார்கள். எனவே பாதியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இன்னும் வந்துகொண்டிருக்கும் அந்த ஒன்றைப் பற்றியும் நோட்டில் கொஞ்சம் விரிவாக எழுதிப் பாருங்கள். எந்தப் பேருந்து, எந்த சீட், கையில் என்ன இருந்தது, யாருடன் பேசிக்கொண்டிருந்தீர்கள். கதவோர சீட்டையும் தண்ணீர் பாட்டிலையும் நீங்கள் இன்னும் விடவில்லை என்பது என் ஊகம்.